மீட்டருக்கு ஒரு விளக்கு

மின்பலகை செய்யும் தொழிற்சாலையில் நாள் முழுக்க ஒயரிங் பார்ப்பவளுக்கு, கணவனின் டாக்சியில் ஒரு சின்ன விளக்கு மாட்டுவது பெரிய காரியமா? இல்லை என்றுதான் அவள் நினைத்தாள். அந்த மிதப்பு சாயங்காலம் அவளைப் பாடாய்ப் படுத்திவிட்டது.

போன மாதம் மலையேறும்போது வண்டி கொதித்துப் புகைந்தது. இன்னொரு தடவை கொதித்தால் இன்ஜின் காயலான் கடைக்குத்தான் என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். அந்த வண்டிதான் வீட்டுக்குச் சோறு. அதனால் இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்றை வாங்கி டாஷ்போர்டில் பொருத்தினார்கள். முள் ஒழுங்காகத்தான் அசைந்தது. இருட்டினால் மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

"விளக்கைக் கடையில குடுத்து மாட்டிக்கலாமே," என்றான் கணவன்.

"அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?"

"சரி தாயே. பாடியில ஓட்டை கீட்டை போட்டுடாத."

ஓட்டை போடாமல், கரண்ட் திரும்பிப் போகும் எர்த் ஒயரை பாடியில் மாட்ட வழியில்லை. அதனால் கூரை விளக்குக்குப் போகும் இரண்டு ஒயர்களிலேயே மீட்டர் விளக்கின் ஒயர்களையும் முறுக்கி டேப் சுற்றினாள். தலை ஸ்டியரிங்குக்கு அடியில், கால்கள் கதவுக்கு வெளியே. விளக்கு பச்சையாகப் பளிச்சென்று எரிந்தது.

எட்டிப் பார்த்த நாத்தனார், "அண்ணி, இனிமே அண்ணன் மீட்டரைப் பாத்துட்டே ரோட்டைக் கோட்டை விடப்போறான்," என்று கிண்டலடித்தாள். வெயில் தாழ்வதற்குள் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அவன் மலைக்குக் கிளம்பினான்.

ஏழு மணி இருக்கும். பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாள். உள்ளே விளக்கு எரிந்தது. மூடினாள். மறுபடி திறந்தாள்.

"என்ன அண்ணி, ஃப்ரிட்ஜோட விளையாட்டு?"

"வண்டிக் கதவைத் திறந்து வச்சிட்டே டெஸ்ட் பண்ணியிருக்கேன்டி! கூரை விளக்கு கதவு திறந்தாத்தானே எரியும்? சாத்தினா மீட்டரும் இருட்டு!"

போன் அடித்தாள். அவன் எடுக்கவில்லை. எப்படி எடுப்பான்? வண்டி ஓட்டும்போது போனைத் தொட்டால் என் முகத்திலேயே முழிக்காதே என்று சத்தியம் வாங்கியவளே அவள்தான். தொழிற்சாலையில் பலகையின் கதவைச் சாத்திப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள்; அதற்காகப் புதிதாக வந்தவர்களை வறுத்தெடுப்பாள். வீட்டு வண்டி என்றதும் புத்தி எங்கே மேயப் போனதோ!

வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். நாலு தடவை போன் அடித்தாள். அதற்குள் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அதைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம்.

எட்டு அடிக்கும் நேரத்தில் அவனே கூப்பிட்டான்.

"மேல வந்து சேந்துட்டோம். இப்பத்தான் போனைக் கையில எடுத்தேன்."

"வண்டி?"

"கல்லு மாதிரி இருக்கு. ரெண்டு தடவ முள்ளு சிவப்பைத் தொடப் போச்சு. ஓரங்கட்டி, ஆறவிட்டு ஏறினேன்."

"எப்படித் தெரிஞ்சுது? விளக்குதான்..."

"கதவைத் திறந்தாத்தான் எரியுது. முதல்ல புரியல. அப்புறம் பிடிபட்டுச்சு. போன தடவ நிக்காம ஓட்டித்தானே கொதிச்சுதுன்னு எவ்வளவு திட்டின! நான் நின்னு இறங்கிப் பாக்கணும்னுதானே இப்படி வச்சிருக்க? ஒவ்வொரு வளைவு தாண்டியும் நின்னேன். வந்தவங்க என்னை ஒரு மாதிரியா பாக்கறாங்க."

போனில் காதை ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மானம் தப்பிவிடும். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"இல்லீங்க. அது தப்பு. நான் கதவைச் சாத்திப் பாக்கவே இல்ல."

"நல்லவேளை, முன்னாடியே சொல்லாம விட்ட," என்றான். "நீ பண்ணினது தப்பா இருக்கும்னு தோணியிருந்தா, ஒரு இடத்துலகூட நின்னிருக்க மாட்டேன்."