முகத்துவாரம் வெட்டும் விளையாட்டு

வெள்ளிக்கிழமை என் சிநேகிதி முப்லிஹா கொழும்புக்குப் போகிறாள். பலகை விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு கம்பனியிடம் என்னுடையதையும் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். இன்று புதன். விளையாட்டு இன்னும் உருப்படவில்லை.

கதை எங்கள் வாவியைப் பற்றியதுதான். மாரி மழையில் வாவி நிரம்பி வயல் மூழ்கும். முகத்துவாரத்து மண்திட்டை இன்றே வெட்டி நீரைக் கடலுக்கு விடு என்பான் விவசாயி. இறால் இன்னும் வளரவில்லை, வெட்டினால் கடலோடு போய்விடும், பொறு என்பான் மீனவன். வருசா வருசம் நடக்கிற இந்தச் சண்டையை பிஸ்கட் பெட்டி அட்டையில் படமாகக் கீறி, நெல்லுக்குப் புளியங்கொட்டையும் இறாலுக்குச் சட்டைப் பொத்தானும் வைத்திருந்தேன்.

என் கணவர் ரதீஸ் வாவியில் வலை போடுகிறவர். மூன்று தரம் மீனவனாக விளையாடி மூன்று தரமும் தோற்றார்.

"மண்டூரில இருக்கிற உன்ட அப்பாட வயல் வட்டையக் காப்பாத்தத்தான் இதச் செஞ்சிருக்காய்," என்று எழும்பிப் போனவர் பிறகு கிட்டவும் வரவில்லை. எனக்கு வந்த கோபம்! ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம்.

ஆள் இல்லாததால் நானே இரண்டு பேருமாக ஆடினேன். ஐந்து ஆட்டம். ஐந்திலும் வயல்தான் வென்றது. ஆறாவதில் சட்டங்களை ஒதுக்கிவிட்டு, அவருடைய கதிரையில் போய் இருந்து வாய்க்கு வந்தபடி கதைத்தேன்.

"வெட்டு, நீ சொன்ன நாளிலயே வெட்டு. ஆனா எவ்வளவு அகலமெண்டு நான்தான் சொல்லுவன்!"

சொன்ன பிறகுதான் விளங்கியது. அதுவரை என் மீனவனுக்கு "பொறு" என்பதைத் தவிர வேறு பேச்சே நான் கொடுத்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

வெட்டும் நாளை விவசாயி குறிக்கட்டும், அகலத்தை மீனவன் சொல்லட்டும் என்று புதுச் சட்டம் வைத்தேன். ஒடுக்கமாக வெட்டினால் இறால் தப்பும். ஆனால் மிகவும் ஒடுக்கமாகக் கேட்டால் மணல் மூடிவிடும். திரும்ப வெட்ட வேண்டும், இருவருக்கும் நட்டம். ஆடிப் பார்த்தேன். ஒருமுறை வயல் வென்றது, ஒருமுறை வாவி வென்றது. மூன்றாவது ஆட்டம் கடைசிப் புளியங்கொட்டை வரை இழுபட்டது. சந்தோசத்தில் எழும்பி வாசலுக்கு வந்தேன்.

ரதீஸ் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"இஞ்ச வாங்க, ஒரு ஆட்டம் ஆடுவம்."

"ஏன், இண்டைக்கும் என்னத் தோக்கடிக்கவா?"

"ஆரு வெல்லுவாரெண்டு எனக்குத் தெரியா," என்றேன். இந்த விளையாட்டைப் பற்றி நான் அவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தரம். அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார்.