உள்ளபடியே அச்சிடவும்

தலையிலிருந்து நீர் சொட்ட, பிழிந்த ஈர வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிரிஜாசங்கர் கூடத்துக்கு வந்தபோது, கேதகி ஒரு தாளை நீட்டினாள். அவளுடைய அப்பாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"பெரியப்பா, நாளைப் பேப்பர்ல வரணும்னா நாலு மணிக்குள்ள அனுப்பணும். பாத்துடுங்க."

பாவ்நகரில் மரண அறிவிப்பு வீட்டுப் பெரியவர் பார்க்காமல் அச்சுக்குப் போகாது. கிரிஜாசங்கருக்கு எண்பத்திரண்டு வயது. முப்பத்தாறு வருஷம் குஜராத்தி வாத்தியார், கடைசியில் தலைமையாசிரியர். நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

முதல் வரியிலேயே தப்பு. கிரீட் என்ற பெயரில் 'கி' நெடிலாக, 'கீ' என்று இருந்தது. இரண்டாவது வரியில், 'எங்கள் பீதா'.

"என்ன இது?"

"அப்பா எழுதற மாதிரி எழுதியிருக்கேன்."

அவருடைய தம்பி கிரீட் பதினான்கு புத்தகம் எழுதியவன். குஜராத்தியில் இகரத்துக்குக் குறிலே வேண்டாம், எல்லாம் நெடிலாக இருக்கட்டும் என்று சொன்ன கூட்டத்தில் ஒருவன். பேசும்போது யாரும் வித்தியாசம் காட்டுவதில்லை, எழுதும்போது மட்டும் அதற்காகப் பிள்ளைகளை ஏன் அடிக்க வேண்டும் என்பது அவன் கட்சி. அடி வாங்கியவன்தான். அடித்தது யார் என்று அவன் எங்கேயும் எழுதியதில்லை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் வந்த அவன் நாவலின் காணிக்கைப் பக்கத்தில் 'பீதாவுக்கு' என்று அச்சாகியிருந்தது. பிதா என்றால் அப்பா. பீதா என்றால் குடிக்கிறவன். அவர்கள் அப்பாவோ டீயைக்கூடத் தொடாமல் வேதம் சொல்லி வாழ்ந்த மனிதர். மதுவிலக்கு உள்ள மாநிலம். கடைவீதியில் ஊர்க்காரர் ஜசுபாய் சத்தமாகவே கேட்டார்: "என்ன மாஸ்டர், உங்கப்பாவுக்கு பெர்மிட் இருந்துதா?"

கிரிஜாசங்கர் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, புத்தகத்தைத் தபாலில் திருப்பி அனுப்பினார். அதன்பிறகு தம்பி வீட்டு வாசலை மிதித்தது இன்று காலையில்தான்.

அதே ஜசுபாய் இப்போது எதிரே உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"திருத்திடுங்க மாஸ்டர். துக்கம் விசாரிக்க வரவங்க இதைப் படிச்சிட்டுத்தான் வருவாங்க. சொந்தக்காரங்க வரிசையில உங்க பேருதான் முதல்ல. முதுகுக்குப் பின்னால சிரிப்பாங்க."

"நீங்க மூஞ்சிக்கு நேராவே சிரிச்சவராச்சே, மாமா" என்றாள் கேதகி.

ஜசுபாய் டீயைக் கீழே வைத்தார்.

"பெரியப்பா, ஒண்ணு சொல்லிடறேன். இதுல ஒரு எழுத்தைத் திருத்தினாலும் நான் அனுப்ப மாட்டேன். அறிவிப்பே வேண்டாம்."

"நம்ம வீட்டுல செத்தவங்களுக்கு அறிவிப்பு இல்லாம இருந்ததில்ல."

"அப்ப உள்ளபடி போகட்டும்."

அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். சுடுகாட்டுக்கும் அது கூடவே வந்திருந்தது. வரிவரியாகக் கீழே போனார். மகள், மருமகன், பேத்தி. 'அண்ணன்: கிரிஜாசங்கர்.' பேனா நின்றது.

குஜராத்தியில் இகரக் குறிலின் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும். நெடிலின் கொம்பு பின்னால் நிற்கும். அந்தத் தாள் முழுவதிலும் அவர் பெயருக்கு மட்டும்தான் கொம்புகள் முன்னால் நின்றன.

"இது மட்டும் ஏன் சரியா இருக்கு?"

"உங்க பேரை அப்பா அப்படித்தான் எழுதுவார். வருஷப் பிறப்புக்கு உங்களுக்கு கார்டு போடுவாரே, அது முழுக்கப் பழைய எழுத்துதான். பழக்கம் விட்டுப்போச்சுன்னு அகராதியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எழுதுவார். ஏம்ப்பான்னு கேட்டா, அண்ணனுக்கு எதுக்கு சிவப்பு மை செலவுன்னு சிரிப்பார்."

பத்தொன்பது கார்டுகள். ஒவ்வொன்றையும் இதே பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படித்திருந்தார். திருத்த ஒன்றும் இருந்ததில்லை. சரியானது தெரிந்துகொண்டேதான் புத்தகத்தில் தப்பாக எழுதுகிறான், வெறும் திமிர் என்று ஒவ்வொரு வருஷமும் நினைத்துக்கொண்டார். ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கடிகாரத்தில் மூன்று இருபது. அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

மூடியைக் கழற்றினார். கேதகி தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் வரியை அவர் தொடவில்லை. இரண்டாவது வரியையும் தொடவில்லை. தன் பெயரின் முதல் எழுத்துக்கு முன்னால் இருந்த கொம்பை அடித்து, பின்னால் போட்டார். அடுத்த எழுத்துக்கும் அப்படியே. கீரீஜாசங்கர். தாளின் அடியில் 'உள்ளபடியே அச்சிடவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜசுபாய் எட்டிப் பார்த்தார். "மாஸ்டர், இது தப்பாச்சே!"

"தெரியும்."

கேதகி தாளைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பினாள். போய்விட்டது என்று தலையாட்டினாள். கிரிஜாசங்கர் எழுந்தார். தோளில் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"வேட்டியைக் காயப்போடணும். கொடி எங்க இருக்கு?"

"பின்பக்கம், பெரியப்பா."

பின்பக்கம் வெயில் இருந்தது. கொடியில் ஒரு வெள்ளை ஜிப்பா காய்ந்து விறைத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்திவிட்டு, பக்கத்தில் வேட்டியை விரித்து, சுருக்கம் போக இழுத்துவிட்டார்.