ஃப்ரீசருக்குப் போன பெட்டி

பல்கலைக்கழக ஆவணக் காப்பாளருக்கு முதுகுக்குப் பின்னால் எல்லோரும் வைத்த பெயர் ‘பென்சில்’. வாசிப்பறைக்குள் யார் வந்தாலும் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பென்சிலை நீட்டுவார், துணைவேந்தருக்கும் விலக்கில்லை. துருப்பிடித்த குண்டூசிகளைப் பிடுங்குவது, பழைய மதிப்பெண் பட்டியல் கேட்டு வருபவர்களைச் சமாளிப்பது, புகைப்படங்களில் பெயர் தெரியாத முகங்களை அடையாளம் காண்பது என்று பொழுதுக்கும் வேலை. ஆனால் விதியிலிருந்து ஒரு நூல் பிசக மாட்டார். தன் அக்கா விஷயத்தில் மட்டும் பிசகிவிட்டார்.

வெளியிலிருந்து வரும் பெட்டி எதுவானாலும் முதலில் வாசலறையில் பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்க வேண்டும். பூச்சி இல்லையென்று உறுதியான பிறகே உள்ளே போகும். மறைந்த அப்பாவின் கைப்பிரதிகளைக் கொண்டுவந்த அன்று அக்கா பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“காலமெல்லாம் இங்க பாடம் சொன்ன மனுஷன்டா. அவரைத் தொத்துநோய்க்காரர் மாதிரி வாசல்லயே போட்டு வைப்பியா?”

பெட்டி நேராக உள்ளறை அலமாரிக்குப் போயிற்று.

நேற்று அந்த அலமாரியின் காலடியில் பூச்சி பிடிக்க வைத்திருந்த பசை அட்டையில் வண்டுகள் ஒட்டிக் கிடந்தன. காப்பாளரின் கண் நேராக அப்பாவின் பெட்டிக்குப் போயிற்று. நாக்கோ வேறு பக்கம் ஓடியது. தள்ளுவண்டி உதவியாளரை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, “உள்ள உக்காந்து சாப்பிடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” என்றார்.

“நான் சாப்பிடலையே சார்.”

அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்று அக்கா தன் புதுச் சம்பந்தியம்மாவை அழைத்து வந்து நிற்கிறாள், அப்பாவின் எழுத்தைக் காட்ட.

“இன்னைக்கு வேண்டாம்க்கா. உள்ள வேலை நடக்குது.”

“ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போறோம். இவங்க என்ன உன் அலமாரியைத் தூக்கிட்டா போகப்போறாங்க?”

அந்த நேரம் பார்த்து, நைந்த தாள்களைச் சீர்செய்யும் பெண் முகக்கவசத்தோடு உள்ளறையிலிருந்து வந்தாள்.

“சார், ஒரே பெட்டியிலேர்ந்துதான் பரவியிருக்கு. அடிப்பக்கம் சல்லடை. வாசலறையை எப்படித் தாண்டுச்சுன்னுதான் புரியல.” உதவியாளரிடம் திரும்பினாள். “நீங்கதானே அண்ணே உள்ள தள்ளிட்டுப் போனீங்க?”

அவர் காப்பாளரைப் பார்த்தார். பிறகு அக்காவையும், அருகில் நின்ற சம்பந்தியம்மாவையும் பார்த்தார். வாயைத் திறக்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

நேற்று வாங்கிய திட்டுக்குப் பதிலாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூடத் தேவலை. காப்பாளர் வீட்டு மானத்தை அந்த மனிதர் தன் தலையில் சுமந்து நின்றார். காப்பாளருக்குக் காது மடல் சுட்டது.

“அவரை விடும்மா,” என்றார். “அது எங்க அப்பா பெட்டி. சோதிக்காம உள்ள வைக்கச் சொன்னது நான்தான். நேத்து இவரைத் திட்டுனதும் என் தப்பு.”

அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

“எங்க வீட்டுப் பெட்டியிலயா பூச்சி?” என்றாள் கடைசியில்.

“ரெண்டு வாரம் ஃப்ரீசர்ல வெச்சா செத்துரும்மா. பக்கத்துல இருந்த கட்டுகளையும்தான் வெக்கணும்,” என்றாள் அந்தப் பெண்.

சம்பந்தியம்மா மெல்லத் தொண்டையைக் கனைத்தார். “எங்க வீட்டுப் பூச்சி கல்யாண ஆல்பத்தைத்தான் தின்னுச்சு. உங்க வீட்டுது படிச்ச பூச்சி போல.”

அக்கா சிரிக்கவில்லை. அந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு அடுத்தவர் முன்னால் தலை குனிந்து பழக்கமில்லை. குனியும்போது எங்கே பார்ப்பதென்றும் தெரியவில்லை.

பிளாஸ்டிக் உறையில் இறுகச் சுற்றிய பெட்டி தள்ளுவண்டியில் வந்தது. அக்கா அதன் மேல் கை வைக்கப் போனவள், பாதியிலேயே இழுத்துக்கொண்டாள்.

“அப்பாவுக்குக் குளிர் ஆகாதுடா,” என்றாள், தம்பிக்கு மட்டும் கேட்கும்படி.

காப்பாளர் வண்டியின் மறுமுனையைப் பிடித்தார்.

“விடுங்க சார், நான் பாத்துக்கறேன்,” என்றார் உதவியாளர்.

காப்பாளர் விடவில்லை. உதவியாளரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.