பொட்டு வைத்த பேய்

நடுராத்திரிக் காட்சிகளை எல்லாம் நாங்கள் நடுப்பகலில்தான் எடுத்தோம். விளக்கு வாடகைக்கு எடுக்க வக்கில்லை. கேமராவுக்கு முன்னால் நீலத் தாளை ஒட்டி, சித்திரை வெயிலை நிலாவாக்கச் சொன்னார் சுயம்புலிங்கம். தேனி பஜாரில் இரும்புக்கடை வைத்திருப்பவர் அவர். தியேட்டர் பக்கமே போகாமல் ஒரு பேய்ப்படத்தை எடுத்து நேராக விசிடி போட்டு விற்றால் அள்ளலாம் என்று எவனோ அவருக்கு ஆசை காட்டிவிட்டான். கல்யாண வீடியோ எடுத்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்த என்னைக் கேமராமேன் ஆக்கினார். எடிட்டிங்கும் நானே. டீ வாங்கி வருவதும் பெரும்பாலும் நானே.

சுருளிப்பட்டி பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் படப்பிடிப்பு. பேயாக நடிக்க மதுரையிலிருந்து வந்த பெண், பந்தலிலிருந்து தோளில் விழுந்த ஒரு புழுவைப் பார்த்து அலறிவிட்டு மத்தியான பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டாள். அந்த அலறலை நான் படம் பிடிக்காததற்கு எனக்குத் திட்டு விழுந்தது. அப்போதுதான் பக்கத்து வரிசையில் குலை வெட்டிக்கொண்டிருந்த அன்னத்தாய் கத்தரிக்கோலோடு வந்து நின்றாள்.

"அண்ணே, இந்தப் படம் குமுளி, வண்டிப்பெரியாறுக்கெல்லாம் போகுமா?"

"அங்கனதாம்மா விக்கவே போறோம். எஸ்டேட்டுல நம்மாளுகதான நிறைய" என்றேன்.

"அப்ப நான் நடிக்கிறேன்."

ஏலத்தோட்ட வேலைக்கென்று மலை ஏறிய அவள் புருஷன் சின்னக்கருப்பு வருஷக்கணக்காகத் திரும்பவில்லை. ஆள் விட்டுத் தேடியும் துப்பில்லை. இவள் முகத்தை எங்காவது ஒரு டிவியில் பார்த்தால் வீட்டு நினைப்பு வந்து இறங்கி வந்துவிடுவார் என்பது அவள் கணக்கு. எனக்கு அந்தக் கணக்கு சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

வெள்ளைச் சேலைக்கு உடனே சம்மதித்தாள். நர்சம்மாகூட கட்டுகிறதே என்றாள். பொட்டை எடுக்கச் சொன்னதும்தான் வினையே வந்தது.

"புருசன் இருக்கிறவ பொட்டை அழிக்க மாட்டேன். அவுகளுக்கு ஆகாது."

"பொட்டு வச்ச பேயைப் பாத்து எவன் பயப்படுவான்? சூடம் ஏத்திக் கும்பிட்டுட்டுப் போயிருவான்!" என்று குதித்தார் சுயம்புலிங்கம்.

அவள் அசையவில்லை. வேறு ஆளும் இல்லை. கடைசியில் தலைமுடியை விரித்து முகத்தை மூடிவிடுவது என்று முடிவானது. முகத்தை மூடினால் அவள் நடிக்கவந்ததற்கே அர்த்தமில்லை. அதனால் ஒரே ஒரு இடத்தில், காற்றில் முடி விலகுவதுபோல, அவள் முகத்தை முழுசாக எடுத்தேன். கேமராவைப் பார்த்துப் பயங்கரமாக முறைக்கச் சொன்னோம். எத்தனை தடவை எடுத்தாலும், பந்திக்கு வரச்சொல்லிக் கூப்பிடுகிறவள் மாதிரிதான் பார்த்தாள். எல்லோருக்கும் பசி. போதும் என்று விட்டுவிட்டோம்.

விசிடி அட்டையில் அந்த முகத்தையே போடச் சொன்னேன். சுயம்புலிங்கமும் போட்டார். அச்சடித்து வந்த பிறகுதான் பார்த்தேன். கண்ணைச் சிவப்பாக்கி, வாயோரம் ரத்தம் வைத்து, நெற்றியைச் சுத்தமாகத் துடைத்திருந்தார்கள். பொட்டு இல்லை. அவர்தான் கம்ப்யூட்டரில் எடுக்கச் சொல்லியிருக்கிறார். "வியாபாரம்டா வினோத்து" என்றார். அதற்குள் கட்டுக்கட்டாக மலைக்குப் போய்விட்டது.

படம் ஓடவில்லை. அது எனக்கு முன்பே தெரியும். அட்டையில் தொடர்புக்கு என்று என் ஸ்டுடியோ நம்பரைப் போட்டிருந்ததால், காசைத் திருப்பிக் கேட்டுத் திட்டுகிற போன்கள்தான் வந்தன. வாரச் சந்தைக்கு வரும்போதெல்லாம் அன்னத்தாய் ஸ்டுடியோ வாசலில் நின்று, "போன் வந்துச்சாண்ணே?" என்பாள். வரவில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

ஒரு நாள் வந்தது.

"அட்டையில இருக்க பொம்பள எங்க ஊருதான். வெள்ளைச் சேலையில, பொட்டில்லாம இருக்கா. எனக்குக் காரியம் பண்ணிட்டாகளா?"

பதறிப்போய்விட்டேன். "அது சினிமாய்யா! பொட்டை எடுக்கவே மாட்டேன்னு நின்னுச்சு அந்தம்மா. அட்டையிலதான் அழிச்சுட்டாக. உங்களுக்காகத்தான் நடிச்சதே. கிளம்பி வாங்க."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை, அப்பாவை மலையாளத்தில் கூப்பிடுவதுபோல, "அச்சா, அச்சா" என்று அவரைக் கூப்பிட்டது. அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருந்தது.

"வேணாம். அட்டையில இருக்கிற மாதிரியே இருக்கட்டும்னு சொல்லிருங்க" என்று போனை வைத்துவிட்டார்.

அந்த ஆளை அப்போது கையில் கிடைத்தால் அறைந்திருப்பேன். சந்தை நாள் வந்தது. அன்னத்தாயும் வந்தாள். பொய் சொல்ல வாயெடுத்தேன். அதற்கும் தெம்பில்லை. குழந்தை கூப்பிட்டது வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். அவள் காய்கறிப் பையைக் கீழே வைத்தாள்.

"பேசும்போது இருமினாகளாண்ணே?"

"இல்ல."

"நடுவுல நிப்பாட்டி நிப்பாட்டிப் பேசினாகளா?"

"இல்லம்மா. நல்லாத்தான் பேசினாரு."

"இங்கன திராட்சைக்கு மருந்தடிச்சு அடிச்சு நெஞ்சு கட்டிப்போயி, நாலு வார்த்தை சேந்தாப்புல பேச மாட்டாக. நான்தான் மலைக்குப் போங்கன்னு அனுப்பி வச்சேன்" என்றாள். "காத்து ஒத்துக்கிருச்சு போல."

அதைச் சொன்ன பிறகுதான் அழுதாள்.