ஒரு படி இறக்கம்

சுந்தா மக்கள் வாழும் காருட் ஊரில் ஒரு கல்யாணப் பந்தல். காலையிலிருந்து பாடிக்கொண்டிருந்தாள் போப்போன். வயது ஐம்பத்தெட்டு. பக்கத்தில் மூங்கில் குழலோடு அவள் கணவன் எங்கோஸ். கீபோர்டில் டாடன்.

முன்பெல்லாம் இதே பாட்டுகளுக்குக் கச்சாப்பி மீட்ட ஒருவர் வருவார். அந்த நரம்பொலியை சுந்தா சுரம் பிசகாமல் டாடன் கீபோர்டில் ஏற்றினான். இளசுகள் ஆட டிரம் தாளமும் சேர்த்தான். பிறகு கச்சாப்பிக்காரரை யாரும் கூப்பிடவில்லை. குழலொலியும் அதே பெட்டிக்குள் இருக்கிறது. இன்னும் அழுத்தவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் பாட்டின் உச்சியில் போப்போனின் குரல் உடைந்தது. கல்யாணப் பெண்ணின் சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

டாடன் குனிந்தான். "அக்கா, சுருதிய ரெண்டு படி இறக்கிடவா? ஒரு பட்டன்தான்."

"உன் மாமா குழலு?"

அங்கேதான் சிக்கல். சுருதி இறங்கினால் நீளக் குழல் வேண்டும். பையில் இருக்கிறது. ஆனால் அதில் துளைகள் தள்ளித் தள்ளி இருக்கும். எங்கோஸின் விரல்கள் போன மழைக்காலத்திலிருந்தே விரிவதில்லை.

"மாமா போய் சாத்தே கறி சாப்பிடட்டும்," என்றான் டாடன். "குழல நான் இதுலயே வாசிச்சுக்கறேன்."

"உன் வீட்டுக் கல்யாணத்துக்கு அந்தப் பெட்டியையே கூப்பிடு," என்றாள் போப்போன். "சாப்பாட்டுச் செலவும் மிச்சம்."

எங்கோஸ் குழலைத் துடைத்தான். "இறக்கச் சொல்லு போப்போன். தொண்டை கிழிஞ்சா நாளைக்கு யாரு பாடுறது?"

"நீங்க எறங்கிட்டா அடுத்த வாரம் உங்கள யாரு மேடையேத்துவா?"

கீழே சித்தி, பாட்டு எங்கே என்று கையாட்டினாள். போப்போன் வெந்நீரை ஒரு மடக்கு குடித்தாள்.

"டாடன், ஒரு படி மட்டும்."

"ஒண்ணு எறக்கினா உனக்கும் எட்டாது, மாமாவுக்கும் எட்டாது!"

"ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி எட்டும். போடு."

எங்கோஸ் நடுத்தரக் குழலை எடுத்தான். பாட்டு தொடங்கியது. உச்சியில் அவள் குரல் கரகரத்தது, உடையவில்லை. அவன் மோதிரவிரல் துளையை முழுசாய் மூடாமல் காற்று கசிந்தது. வலியில் அவன் முகம் சுளித்தது. இளசுகள் ஆடினார்கள். சித்தி சோறு பரிமாறப் போய்விட்டாள்.

"ரெண்டு பேருமே சுருதில இல்ல," என்றான் டாடன்.

"தெரியுது," என்றாள் போப்போன். "இன்னும் நாலு பாட்டு இருக்கு. வாசி."