இறுக்கித் தைத்த லைனிங்

வலை பின்னிப் பழகிய கை ரோச்சுடையது. அந்தக் கையில் போய் வெல்வெட் துணியைக் கொடுத்தது அவர் மனைவி சுஜிதாவின் தப்புதான். அவளுக்கே அது தெரியும்.

கொடுக்காமலும் இருக்க முடியவில்லை. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு கடலுக்கே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மனுஷன் இருப்புக்கொள்ளாமல் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருந்தார். சும்மா விட்டால் விடியலில் யாருடைய படகிலாவது ஏறிவிடுவார் என்ற பயம் அவளை அரித்தது. அதனால் தான் தைத்துக்கொடுக்கும் கல்யாண மண்டபத்து ஸ்கிரீன்களுக்குப் பின்பக்கத்து லைனிங் தைக்க அவரையும் கூட உட்காரவைத்தாள்.

முன்துணியில் ஓர் இழையை மட்டும் ஊசியில் எடுத்து, நூலைத் தளர விடவேண்டும். அப்போதுதான் கனத்த துணி தன் போக்கில் தொங்கும். ரோச்சோ ஒவ்வொரு தையலையும் வலை முடிச்சுப் போல இழுத்து இறுக்கினார். தூக்கிப் பிடித்தால், வெல்வெட் வாடிய கத்தரிக்காய் மாதிரி சுருங்கிக் கிடந்தது.

"எப்படி இருக்கு?" என்றார் பெருமையாக.

"நல்லாத்தான் இருக்கு" என்றவள், அவர் சாயங்காலப் பூசைக்குக் கிளம்பியதும் பிரிக்க உட்கார்ந்தாள். ஒவ்வொரு தையலைப் பிரிப்பதற்குள்ளும் உயிர் போய் உயிர் வந்தது. மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுத் திரும்பி வந்த மனுஷன் அதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

போச்சு, நாளைக்கே கடலுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஏளா, நல்லாருக்குன்னு சொன்னியே?"

"நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான்..."

ரோச் அவள் எதிரில் உட்கார்ந்தார். கோபத்தைவிட வருத்தம்தான் குரலில் இருந்தது.

"படகுல புதுசா ஏறுதவன் கயித்தைத் தப்பாக் கட்டுனா மொதலாளி சம்மாட்டி கிழிகிழின்னு ஏசுவாரு. ஏசாம அவரே அவுத்துக் கட்டுனாருன்னா, மறுநாள் அவனைக் கூப்பிடமாட்டாருன்னு அர்த்தம். நீயும் என்னைய வேண்டாம்னு வச்சிட்டியா?"

சுஜிதா கத்தரியைக் கீழே வைத்தாள். சட்டென்று துணியை அவர் மடியில் தூக்கிப் போட்டாள்.

"இது தையலா? சுறாவையா கட்டி இழுக்கப்போறீங்க? பிரிச்சுப் பிரிச்சு என் விரலே புண்ணாப் போச்சு! கண்ணை எங்க வச்சிட்டுத் தைச்சீங்க? எங்க அத்தை உங்களுக்கு ஒரு வேலையும் ஒழுங்காச் சொல்லிக்குடுக்கலியா?"

ஏச்சு நிற்கவில்லை. அவளுக்கு அழுகை வேறு வந்தது. ரோச் தலையைக் குனிந்து ஒவ்வொரு முடிச்சாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பூசை மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. அவள் ஓய்ந்ததும் மெதுவாக நிமிர்ந்தார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டார், அதே வீட்டில் இருந்துகொண்டு.