ஏழாம் நோயாளியின் கோடு

திரையில் ஏழாம் நோயாளியின் குடல் புண் எவ்வளவு என்று காட்டும் கோடு சரசரவென்று கீழே இறங்கியதும் ஆய்வகத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். அந்த ஏழாம் நோயாளி அவள் புருஷன் என்பது தலைமை ஆய்வாளர் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அவரிடம் கெஞ்சிக் கூத்தாடித்தான் அவனைச் சோதனையில் சேர்த்திருந்தாள்.

குடல் புண்ணுக்கான மருந்து. கண்ணுக்கே தெரியாத குட்டிக் கிண்ணங்களில் அதை நிரப்பி மூடுவது அவள் வேலை. விழுங்கினால் வயிற்றைத் தாண்டிப் போய், புண்ணில் ஒட்டிக்கொண்டு, மருந்தைக் கொடுத்துவிட்டுக் கிண்ணமும் கரைந்துபோகும். சொன்ன வேலையைச் செய்துவிட்டுச் சத்தமில்லாமல் போவதற்கு ஆம்பளைகள் அதனிடம் பாடம் படிக்கலாம் என்று புருஷனைக் கேலி செய்வாள். அவன் பஸ் ஓட்டியவன். நடுவழியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கழிப்பறை தேடி ஓடிய நாளிலிருந்து வீட்டோடு கிடக்கிறான். இதுவும் கேட்காவிட்டால் குடலை வெட்டி எடுத்து, இடுப்பில் பை மாட்டவேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சந்தோஷம் தாங்காமல் மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். குளியலறையில் அவன் குந்தி உட்கார்ந்து உள்ளாடையைக் கசக்கிக்கொண்டிருந்தான். வாளித் தண்ணீர் சிவந்திருந்தது.

"எத்தனை நாளா?"

"நிக்கவே இல்ல."

அப்படியானால் அந்தக் கோடு? வாய் பொய் சொல்லும், மலம் பொய் சொல்லாது என்று ஆய்வகத்தில் பெருமையடித்துக்கொள்வார்கள். அந்தக் கோட்டைப் போடுவதற்கு வாராவாரம் அவன் தந்த மல டப்பாவைப் பையில் வைத்து எடுத்துப்போனதே அவள்தான்.

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "அதெல்லாம் தம்பியோடது."

கல்லைத் தின்றாலும் செரிக்கிற கொழுந்தன். அவன் குடலுக்குத்தான் அத்தனை படித்தவர்களும் கை தட்டினார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஆத்திரம் வந்தது. அந்தக் கோட்டை நம்பி அடுத்து வரப்போகிற நோயாளிகளுக்கும் இதே அளவு போதும் என்று காலையில்தான் முடிவு செய்திருந்தார்கள்.

"ஏங்க இப்படிச் செஞ்சீங்க?"

"கண்ணு போக உக்காந்து நீ செஞ்ச மருந்து. கேக்கலன்னு உங்கிட்ட எப்படிடீ சொல்றது?"

அன்பாம். இந்த அன்புக்குப் பதில் அவன் அவளை நாலு அறை அறைந்திருக்கலாம். ஒழுங்காகச் சொல்லியிருந்தால் அளவைக் கூட்டியிருப்பார்கள், இல்லை வேறு வழி பார்த்திருப்பார்கள். இத்தனை மாதமும் அவள் முகம் வாடக்கூடாது என்று குடலை அழுகவிட்டிருக்கிறான்.

போனை எடுத்தாள். அவன் சோப்புக் கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். சொன்னால் அவள் வேலை போய்விடும் என்றான். வேலை இருந்து யாருக்கு என்று கையை உதறினாள். தலைமை ஆய்வாளர் எடுத்ததுமே, உன் வீட்டுக்காரரைப் பார்க்க நாளைக்கு மருந்துக் கம்பெனி ஆட்கள் வருகிறார்கள், அழைத்து வா என்று உற்சாகமாக ஆரம்பித்தார்.

"மேடம், ஒரு நிமிஷம்" என்றாள்.

அதற்குள் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே நடப்பது அவள் காதில் விழாதிருக்கக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டான்.

"ஒண்ணுமே கேக்கலம்மா" என்றார் மேடம். "அங்க என்ன அவ்வளவு சத்தம்?"